ஈஸ்டருக்கு வெளியாட்களுக்கு அனுமதி இல்லை

எர்லிந்தா கேட்டது ஒன்று, வந்து சேர்ந்தது வேறு. கூட்டத்தை எண்ணி உள்ளே விடுங்கள் என்றுதான் அவள் கேட்டாள். ரிசார்ட்காரர்கள் கதவையே பூட்டிவிட்டார்கள். பூட்டியதோடு விட்டார்களா, பழியையும் அவள் தலையில் கட்டிவிட்டார்கள்.

சான் ரோக்கே என்ற கடலோர ஊரில் அந்த ரிசார்ட் வருவதற்கு முன் அந்த இடம் தென்னந்தோப்பாக இருந்தது. தோப்பை விற்றவர் விற்றார், வாங்கியவர்கள் வாங்கினார்கள். ஆனால் தோப்பின் நடுவே கடலுக்குப் போகும் பாதையில் யாரும் கை வைக்கவில்லை. கடற்கரைக்கு அதை விட்டால் வேறு வழி கிடையாது. இரண்டு பக்கமும் பாறை. வருஷம் முழுவதும் ஊரார் அந்தப் பாதையில் போனார்கள், வந்தார்கள். காசு இருப்பவர்கள் நீச்சல் குளத்துக்கு ஒருநாள் சீட்டு வாங்கினார்கள். இல்லாதவர்கள் கடலில் குளித்தார்கள். அறைகளைச் சுத்தம் செய்யும் பெண்களுக்குத் தலைவியாக எர்லிந்தா அங்கே பதினான்கு வருஷமாக இருக்கிறாள். அவளுக்கு அதில் எந்தத் தொந்தரவும் இருந்ததில்லை.

போன வருஷ ஈஸ்டர் வேறு மாதிரி ஆகிவிட்டது. யாரோ கடற்கரையைப் படம் பிடித்து இணையத்தில் போட, மணிலாவிலிருந்தும் ஜீப்னி வண்டிகளில் கும்பல் கும்பலாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். காலை பத்து மணிக்கெல்லாம் கழிப்பறைகள் அடைத்துக்கொண்டன. புல்வெளியில் அடுப்பு மூட்டிக் கோழி சுட்டார்கள். குளிக்கும் இடத்தில் குழந்தைகளின் அழுக்குத் துணி குவிந்தது. குளத்தில் தண்ணீரே தெரியவில்லை, தலைகள்தான் தெரிந்தன. அந்தத் தலைகளுக்குக் கீழே நாலு வயதுக் குழந்தை ஒன்று மூழ்கிக் கிடந்ததை ஒருவரும் பார்க்கவில்லை. துண்டு கொண்டுபோன, எர்லிந்தாவின் கீழ் வேலை செய்யும் பெண்களில் ஒருத்தி பார்த்து, உடுப்போடு குதித்து இழுத்துப் போட்டாள். குழந்தை தண்ணீரைக் கக்கிவிட்டு வீறிட்டது. அந்த அழுகை கேட்கும்வரை எர்லிந்தாவுக்கு உயிர் இல்லை.

அடுத்த வாரம் ஊழியர் கூட்டத்தில் எழுந்து நின்றவள் அவள்தான்.

"சார், எண்ணி விடுங்க சார். இருநூறு பேருன்னா இருநூறு பேர். அதுக்கு மேல வந்தா கேட்டைச் சாத்துங்க. இல்லேன்னா அடுத்த வருஷம் பொணந்தான் விழும்."

மேலாளர் வில்லலூஸ் தலையாட்டிக் குறித்துக்கொண்டார். "இப்படிப் பொறுப்பா பேசுறவங்கதான் எனக்கு வேணும்" என்று எல்லார் முன்னாலும் பாராட்டினார். எர்லிந்தாவுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

இந்த வருஷம் குருத்தோலை ஞாயிற்றுக்கு ஒரு வாரம் முன்பு பாதையின் வாயில் இரும்புக் கதவு முளைத்தது. அதில் ஒரு பலகை. பெரிய வியாழன் தொடங்கி ஈஸ்டர் திங்கள் வரை அறை எடுத்துத் தங்குபவர்களுக்கு மட்டுமே அனுமதி, கடற்கரைக்கும் இது பொருந்தும் என்று. ஊர் மன்றத்தில் ஆட்கள் கேள்வி கேட்டபோது வில்லலூஸ் அழகாகக் கையை விரித்தார். "இது எங்க யோசனை இல்லீங்க. உங்க ஊர்க்காரங்க எர்லிந்தாவே கூட்டத்துல எழுந்து சொன்னது."

மறுநாள் காலையில் சந்தைக்குப் போனவளைக் கருவாட்டுக் கடை பாசிங் பிடித்துக்கொண்டாள். எர்லிந்தாவின் வீட்டுக்கு அடுத்த வீடு. இருபது வருஷப் பழக்கம். வாய் மட்டும் வாளாகத் தீட்டியிருக்கும்.

"வாங்க மகாராணி! கடலுக்கே பூட்டுப் போட்ட அந்தக் கையைக் கொஞ்சம் நீட்டுங்க, கண்ணுல ஒத்திக்கிறேன்."

"நான் பூட்டச் சொல்லல பாசிங். எண்ணச் சொன்னேன்."

"எண்ண ஆரம்பிச்சா மொதல்ல யாரைக் கழிப்பான்னு உனக்குத் தெரியாதாக்கும்? நம்மளத்தான். பதினாலு வருஷம் அவன் துணிய மடிச்சிருக்கே, இது தெரியலையே உனக்கு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எர்லிந்தா அன்று கருவாடு வாங்காமலே திரும்பினாள்.

இதெல்லாம் போதாதென்று குவைத்தில் வீட்டு வேலை செய்யும் தங்கை ரோவெனா வந்திருந்தாள். ஆறு வருஷம் கழித்துப் பதினெட்டு நாள் விடுப்பு. ஈஸ்டர் அன்று குடும்பம் முழுக்கக் கடற்கரையில் வாழையிலை விரித்து, சோற்றைக் கொட்டி, சுட்ட மீனும் அடோபோக் கறியும் பரப்பி, கையாலேயே எடுத்துச் சாப்பிடுவது வழக்கம். வந்த நாளிலிருந்து ரோவெனாவுக்கு அதே பேச்சு.

"அங்கயும் கடல் பக்கத்துலதான் இருக்கு அக்கா. வீட்டுக்காரங்க பிள்ளைங்க குளிக்கும், நான் துண்டை வச்சுக்கிட்டு மணல்ல நிப்பேன். ஆறு வருஷமா செருப்பைக் கழட்டினதில்ல."

கதவு விஷயத்தை எர்லிந்தா தயங்கித் தயங்கிச் சொன்னாள். ரோவெனா மெதுவாகக் கேட்டாள்:

"நீயா அக்கா சொன்னே?"

"எண்ணி விடச் சொன்னேன்டி. ஒரு குழந்தை சாகப் பாத்துது. நீயா இருந்தாலும் சொல்லியிருப்பே."

"நான் சொல்லியிருக்க மாட்டேன். எந்த வீட்டுக்கும் யோசனை சொல்லக் கூடாதுன்னு நான் ரொம்ப நாளைக்கு முன்னாடியே கத்துக்கிட்டேன்."

எர்லிந்தாவுக்குச் சுருக்கென்றது. மறுநாள் வேலைக்குப் போனதும் நேராக வில்லலூஸின் அறைக்குப் போனாள்.

அவர் கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. ஊழியர் வீட்டில் சாவு என்றால் முதலில் வந்து நிற்பார். அன்று எதிரே மூன்று தொலைபேசிகள், ஒன்று மாற்றி ஒன்று அடித்துக்கொண்டிருந்தன.

"உங்களுக்கு இல்லாததா எர்லிந்தா? நாலு பாஸ் தரேன். குடும்பத்தோட வாங்க."

"நாங்க பதினோரு பேர் சார்."

"அப்போ நாலு பேரைத் தேர்ந்தெடுங்க."

"சார், நான் கேட்டது இது இல்ல. எண்ணுங்கன்னுதான் கேட்டேன், அடைங்கன்னு கேக்கல."

வில்லலூஸ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு நிமிஷம் என் எடத்துல உக்காந்து பாருங்க. எண்பத்தாறு அறையும் நிரம்பியிருக்கு. போன வருஷம் புகார் எழுதினவங்க எத்தனை பேர் தெரியுமா? எண்ணி விடணும்னா அதுக்கு ஆள் வேணும், மேசை வேணும். இருநூத்தி ஒண்ணாவது ஆளா வர்றவனோட கட்டிப் புரளணும். பூட்டுன்னா ஒரே ஒரு பூட்டு போதும்."

அதில் உண்மை இல்லாமலும் இல்லை. அதுதான் எர்லிந்தாவுக்கு இன்னும் எரிச்சலை மூட்டியது. நாலு பாஸையும் வாங்கிக்கொண்டு வந்தாள்.

வீட்டில் தம்பி நந்தோ அதைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். அவன் மீன்பிடிப்பவன், எதற்கும் சிரிப்பவன். "நாலு பேரா? சீட்டுக் குலுக்கிப் போடுவோமா? இல்ல, எடை போட்டுப் பாத்து லேசானவங்களா அனுப்பலாமா?"

ரோவெனா சிரிக்கவில்லை. பாஸை அக்காவின் பக்கமே தள்ளினாள். "இன்னாரோட தங்கச்சின்னு சொல்லி, கேட்டுல நின்னு, காட்டிட்டு உள்ள போகணுமா? அதுக்கு நான் குவைத்துலயே இருந்திருப்பேனே."

"வேற என்னதான்டி செய்யச் சொல்றே? எல்லாரும் என்னையே குத்துங்க!"

"நீ ஒண்ணும் செய்ய வேணாம் அக்கா. நீ செஞ்சது போதும்."

நந்தோ தலையைச் சொறிந்தான். "பாதைக்குத்தானே கேட் போட்டிருக்கான், கடலுக்கா போட்டான்?"

"வாய மூடு நந்தோ. என் வேலைக்கு உலை வச்சுடாதே" என்றாள் எர்லிந்தா. அவன் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ஈஸ்டர் ஞாயிறு. விடியற்காலையில் மாதா சுரூபமும் ஆண்டவர் சுரூபமும் சந்திக்கும் பவனியை முடித்துவிட்டு எர்லிந்தா நேரே வேலைக்கு வந்தாள். பதினோரு மணிக்குத் துண்டுகளை அடுக்கிக்கொண்டு குளத்தருகே நின்றபோது அவளுக்கு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. இடம் அழகாக இருந்தது. கழிப்பறைத் தரை உலர்ந்திருந்தது. குளத்தின் அடியில் பதித்த நீலக் கற்களை ஒவ்வொன்றாக எண்ணலாம் போலிருந்தது. அவளுடைய பெண்கள் முதல் தடவையாக ஈஸ்டர் அன்று உட்கார்ந்து காப்பி குடித்தார்கள். ஆனால் கடற்கரையில் போட்டிருந்த சாய்வு நாற்காலிகளில் பாதிக்கு மேல் காலி. இருநூறு பேர் தாராளமாக இருந்திருக்கலாம். நூறு பேராவது இருந்திருக்கலாம்.

அப்போதுதான் பாறையைச் சுற்றிக்கொண்டு மூன்று படகுகள் வந்தன.

முதல் படகு நந்தோவுடையது. முனையில் ரோவெனா. நடுவில் சோற்றுப் பானையை மடியில் கட்டிப் பிடித்துக்கொண்டு பாசிங். முழங்கால் ஆழம் வந்ததும் ரோவெனா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீரில் குதித்தாள். பின்னால் மற்றப் படகுகளிலிருந்து அக்கம்பக்கத்தார், பிள்ளைகள், பானைகள், வாழையிலைக் கட்டு, கரி மூட்டை. எர்லிந்தா துண்டுகளைக் கீழே வைத்தாள்.

நாற்காலிகளில் இருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள். சிலர் படம் எடுத்தார்கள். மணிலாவிலிருந்து வந்த ஓர் அம்மாள், "யாரும் வரமாட்டாங்கன்னு சொன்னதாலதானே இவ்வளவு கொடுத்து வந்தோம்?" என்று கத்தினாள். ஐந்தே நிமிஷத்தில் வில்லலூஸ் இரண்டு காவலர்களோடு வந்துவிட்டார். கடலைப் பார்த்தார், எர்லிந்தாவைப் பார்த்தார்.

"உங்க ஆளுங்க. நீங்களே போய்ச் சொல்லுங்க."

எர்லிந்தா சீருடையோடு மணலில் இறங்கினாள். நடக்க நடக்கக் கோபம் ஏறியது. சொன்ன பேச்சைக் கேட்காத தம்பி மேல், தன்னை முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் நிற்கும் மேலாளர் மேல், எல்லாவற்றையும்விட அன்றைக்குக் கூட்டத்தில் எழுந்து நின்ற தன் மேலேயே.

"எத்தனை தடவை சொன்னேன் நந்தோ?"

"கத்தாதே அக்கா. அலை நனைக்கிற மணல் யாருக்குச் சொந்தம்னு அந்த ஆளைக் கேட்டுட்டு வா. அவர் பேர்ல பத்திரம் இருந்தா நாங்க கெளம்பிடறோம்."

"சட்டம் பேசறதுக்கு நீ என்ன வக்கீலா?"

"வக்கீலா இருந்தா ரூம் எடுத்திருப்பேனே!"

பாசிங் வாழையிலையை உதறி விரித்தாள். "உக்காரு எர்லிந்தா. மொறைச்சா மீன் வேகாது."

எர்லிந்தா உட்காரவில்லை. ஒவ்வொரு தலையாக விரல் நீட்டி எண்ணினாள். பிள்ளைகள் ஓடிக்கொண்டே இருந்ததால் இரண்டு தடவை எண்ண வேண்டியிருந்தது. பிறகு திரும்பிப் போய் வில்லலூஸின் எதிரே நின்றாள்.

"முப்பத்தோரு பேர் சார். ரெண்டு மணிக்குத் தண்ணி ஏறிடும், தானா போயிடுவாங்க. குப்பைக்கு நான் பை குடுக்கறேன். ஸ்டாஃப் கக்கூஸைத் திறந்து விட்டா வேற எந்தத் தொந்தரவும் வராது. இவ்வளவுதான் சார் விஷயம்."

"கூடாது. இன்னைக்கு முப்பத்தொண்ணுன்னா நாளைக்கு முந்நூறு." அவர் காவலர்களிடம் திரும்பினார். அவர்கள் நீளமாகக் கயிறு கொண்டுவந்து, அலை தொடும் கோட்டுக்கு மேலே கழி நட்டுக் கட்டினார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஈர மணல் ஊரார்க்கு. இந்தப் பக்கம் உலர்ந்த மணலும் காலி நாற்காலிகளும். "இதைத் தாண்டி யாராவது கால் வச்சா போலீஸுக்குச் சொல்லிடுவேன். எர்லிந்தா, நீங்க இங்கேயே நில்லுங்க."

நின்றாள். உச்சி வெயிலில், கயிற்றுக்கு இந்தப் பக்கம், காவல்காரி மாதிரி. பத்தடி தூரத்தில் அவள் குடும்பம் இலையைச் சுற்றி நின்று சாப்பிட ஆரம்பித்தது. சுட்ட மீனின் வாசனை வந்தது. ரோவெனா ஒரு கவளத்தை உருட்டிக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிட்டாள்:

"அக்கா, ஒரு வாய் வாங்கிக்கோ."

வில்லலூஸ் குளத்தின் ஓரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். எர்லிந்தா தலையை மட்டும் ஆட்டினாள். "அப்புறம்" என்றாள். ரோவெனா இன்னும் சற்று நேரம் கையை நீட்டியபடி இருந்துவிட்டு, கவளத்தைப் பக்கத்திலிருந்த பிள்ளையின் வாயில் வைத்தாள். அதைப் பார்க்காமல் இருக்கலாம் என்று எர்லிந்தா கடலைப் பார்த்தாள்.

ஒரு மணி வாக்கில் பாசிங் கயிற்றின் அருகே வந்தாள். முகத்தில் கிண்டல் இல்லை.

"எர்லிந்தா, அவசரம்டி. எனக்குச் சர்க்கரை வியாதின்னு தெரியும்ல. படகுல ஏறிப் போறவரைக்கும் தாங்காது."

எர்லிந்தா மேலாளரைப் பார்த்தாள். அவர் வேண்டாம் என்று விரலை ஆட்டினார். பதினான்கு வருஷமாக அந்த விரலுக்கு மரியாதை கொடுத்தவள். அன்று என்னவோ, அந்த விரல் ஆடிய விதம் அவளுக்குப் பொறுக்கவில்லை. இரண்டு கையாலும் கயிற்றைத் தூக்கிப் பிடித்தாள்.

"குனிஞ்சு வா. இடது பக்கம் பச்சைக் கதவு."

பாசிங் போனாள், வந்தாள். திரும்பும்போது நின்று, "கக்கூஸை நல்லாத்தான் வச்சிருக்கே. இதை மொதல்லயே சொல்லியிருந்தா சந்தையில உன்ன அவ்வளவு திட்டியிருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கயிற்றைத் தானே தூக்கிக்கொண்டு போனாள்.

தண்ணீர் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரமே ஏறிற்று. ஓர் அலை வந்து இலையைத் தூக்கி, மிச்சச் சோற்றைக் கடலுக்குள் இழுத்துப் போனது. பிள்ளைகள் கைதட்டிக் கூவினார்கள். ரோவெனா பானையைப் பிடிக்க ஓடி, பிடித்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் அப்படியே நின்றாள். பின்னால் போக இடமில்லை, கயிறு இருந்தது. ஒவ்வொருவராகப் படகில் ஏறினார்கள்.

அவர்கள் போன பிறகு பார்த்தால், குப்பைப் பை கொடுத்தும், அலை ஒதுக்கிய ஓரத்தில் மீன் முள்ளும் கிழிந்த இலையும் ஆறேழு பிளாஸ்டிக் குவளைகளும் கிடந்தன. பாசிங் வீட்டுக் குவளைகள், எர்லிந்தாவுக்கு நன்றாகவே தெரியும். வில்லலூஸ் குவளைகளைச் சுட்டிக் காட்டிவிட்டு உள்ளே போனார். எர்லிந்தா குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். "நாசமாப் போறவங்களே, இதையாவது எடுத்திருக்கக் கூடாதா" என்று யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமல் முணுமுணுத்தாள்.

கயிற்றைத் தூக்கியதற்கு மூன்று நாள் தற்காலிகப் பணி நீக்கமும் விளக்கம் கேட்டு ஒரு கடிதமும் கிடைத்தன. ரோவெனா குவைத்துக்குக் கிளம்பும் நாளில் வீட்டில் இருக்க முடிந்ததுதான் அதில் ஒரே லாபம். வண்டியில் ஏறும் முன் தங்கை அவளைக் கட்டிக்கொண்டாள். ஆனால் காதருகே சொன்னது இதுதான்: "அந்த ஒரு வாய நீ வாங்கியிருக்கலாம் அக்கா." வண்டி போய்ச் சந்து திரும்பும்வரை எர்லிந்தா வாசலிலேயே நின்றாள்.

வேலைக்குத் திரும்பியதும் முதல் காரியமாக ஊர் மன்றத்துக்கு மனு எழுதினாள். பாதையைத் திறக்க வேண்டும். பண்டிகை நாட்களில் ஒரு நாளுக்கு இருநூறு பேர், முதலில் வருபவர்க்கு முதலில். இரண்டு கழிப்பறை, குளத்தருகே ஒரு காவலாள். குப்பை கிடந்தால் மறு வருஷம் எண்ணிக்கையைக் குறைக்கலாம் என்று தன் ஊராருக்கு எதிராகவும் ஒரு வரி சேர்த்தாள். பாசிங் அதைப் படித்துவிட்டு, "என் குவளைக்குன்னே எழுதியிருக்கே" என்று முறைத்தாலும் முதல் கையெழுத்து அவளே போட்டாள். மூன்று கூட்டம் தள்ளிப் போயிற்று. நாலாவது கூட்டத்தில், யாரும் எதிர்பாராமல், வில்லலூஸ் ஒப்புக்கொண்டார். இருநூறு அல்ல, நூற்றைம்பது. பெயர்ப் பட்டியலை ஊர் மன்றமே தயாரித்துத் தர வேண்டும். நல்ல ஏற்பாடுதான் என்று எர்லிந்தா நினைத்தாள். வெகுநாள் கழித்து அன்று நன்றாகத் தூங்கினாள்.

மறு வருஷம், ஈஸ்டருக்கு முந்தைய தபசுக் காலத்தின் கடைசி வாரம், மன்றத்துச் சுவரில் பட்டியல் ஒட்டினார்கள். எர்லிந்தா வேலைக்குப் போகும் வழியில் நின்று, விரலை வைத்து மேலிருந்து கீழே படித்தாள். மன்றத் தலைவரின் குடும்பப் பெயர் கொண்டவர்கள் நாற்பத்திரண்டு பேர். தலைவர் மனைவியின் பிறந்த வீட்டார் இருபத்தெட்டு. மற்றவர்களில் பாதிப் பேர் ஞானஸ்நானத்தில் அவர்கள் கைப்பிடித்த ஞானப்பிள்ளைகள். பாசிங் இல்லை. நந்தோ இல்லை. மனுவில் கையெழுத்துப் போட்ட அறுபது சொச்சம் பேரில் நாலு பேர்தான் இருந்தார்கள். எர்லிந்தாவின் பெயரும் இல்லை.

உள்ளே போனாள். எழுத்தர் இளைஞன், தலைவருக்கு மருமகன் முறை.

"தம்பி, முதல்ல வர்றவங்களுக்கு முதல்லன்னுதானே தீர்மானம்?"

"ஆமா மேடம். அப்படித்தான் எழுதினோம். முதல்ல வந்து சொன்னவங்க பேரு."

"எப்போ எழுதினீங்க? ஊர்ல யாருக்குமே தெரியலையே."

"போன சனிக்கிழமை. தலைவர் வீட்டுப் பிறந்தநாள் விருந்துல."

"விருந்துக்கு வராதவங்களுக்கு எப்படித் தம்பி தெரியும்?"

அவன் உண்மையாகவே யோசித்தான். "தெரியாதுதான் மேடம். ஆனா இப்ப ஒண்ணும் பண்ண முடியாது. நூத்தம்பது ஆயிடுச்சு. ஒருத்தரைக்கூடக் கூடுதலா சேக்கக் கூடாதுன்னு கண்டிப்பா இருக்கு. கேட்டது நீங்கதானே?"

எர்லிந்தாவுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. சிரிப்பும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டாள். சுவர்க் கடிகாரம் ஏழு அடித்தது. ஏழுக்கு அவள் வேலையில் இருந்திருக்க வேண்டும்.

"ஒரு வெள்ளைத் தாள் குடு தம்பி" என்றாள். "பேனாவும் குடு."

மேசை ஓரத்தில், நின்றபடியே, அடுத்த மனுவை எழுத ஆரம்பித்தாள்.